பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீடு



தொடக்கப்பள்ளி காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணி வாக்கில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இரவு படுக்கும் வரையில் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. சனி, ஞாயிறும் வீட்டில்தான். ஆகவே, நாள் தவறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகூடப் பாதி நேரம்தான் எங்களிடம் இருக்கிறது. மற்றப் பாதி உங்களிடம் இருக்கிறது. அந்த மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் பெற்றோர் சிலர் எங்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறார்கள்: "டீச்சர், வாரத்தில் மூன்று நாள் அனுப்புகிறேன். மற்ற இரண்டு நாள் வீட்டிலேயே படிக்கட்டுமே! கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." இதை நாங்கள் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டோம். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வீட்டில் இது உண்மையான நெருக்கடி. ஆனால் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அவ்வாண்டுப் பள்ளியில் சேர்த்து, ஆறாம் ஆண்டு முடியும் வரையில் படிக்கவைக்கவேண்டும். தவறினால் ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்குப் பெறவேண்டும். அது பாடத்தை முழுவதும் தாங்களே ஏற்று நடத்தக்கூடியவர்களுக்கு உரியது. மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாடு அதில் வராது.

சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அரைப் பள்ளி என்பது நம் மக்கள் அறியாத புதுமை அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், சிலாங்கூரும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில், ஒரே இனத்தைச் சேர்ந்த பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். காலையில் காட்டில் புல் பிடுங்கிய பிள்ளை, வேலை முடிந்த பிறகு களைத்துப்போய் வந்து உட்கார்ந்தது. அப்படிப் படித்தவர்களில் பலர் கையெழுத்துப் போடக் கற்றதோடு நின்றார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்லுவார்கள்.

தமிழ்நாட்டிலும் இது பெரிய சர்ச்சையாக எழுந்தது. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரண்டு முறையாகப் பள்ளி நடத்தத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் போதாத காலம். இரண்டு முறை வைத்தால் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. மீதி நேரத்தில் பிள்ளை என்ன செய்வது என்ற இடத்தில்தான் திட்டம் இடறியது. வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். அப்படியானால் சவரத் தொழிலாளி மகன் சவரத்தையும், வண்ணான் மகன் வெளுப்பையும்தானே கற்பான் என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தார்கள். "குலக்கல்வித் திட்டம்" என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி அதே ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். பள்ளி விட்டு வந்த மகனை உதிரிப்பழம் பொறுக்க அம்மாவோடு அனுப்பினால், குலை வெட்டுகிறவர் மகனுக்கு அதே செம்பனைக் காட்டைத்தான் நாம் பாடமாக வைக்கிறோம். சட்டம் போட்டு யாரும் கட்டாயப்படுத்தாமல் நாமாகவே அதைச் செய்கிறோம்.

அண்மையில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடிக்கிடந்ததும், பிறகு திறப்பதும் மூடுவதுமாக இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு வாரம் ஒரு பிரிவு பள்ளியில், மறு பிரிவு வீட்டில் என்று சுழல்முறை வைத்தார்கள். பாதி பள்ளி, பாதி வீடு என்பதை நாடே செய்துபார்த்த காலம் அது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. அதுவும் அப்பா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். பாடத்தாள்களை அச்சடித்துக் கொடுத்தனுப்பிய ஆசிரியர்கள் பலர்.

வீட்டு வாரம் முடிந்து திரும்பிய பிள்ளைகளிடம் நாங்கள் கண்டது ஒன்று உண்டு. நல்ல தொலைபேசி இருந்த வீட்டுப் பிள்ளை முந்தவில்லை. தினமும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஒருவர் காது கொடுத்துக் கேட்ட வீட்டுப் பிள்ளைதான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கேட்டவர் சில வீடுகளில் எழுத்தறியாத பாட்டி. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பாட்டிக்கு எழுத்துத்தான் தெரியாது, தமிழ் தெரியும். பிள்ளை சொல்லைப் பிளந்து தவறாகப் படித்தால் அது பேச்சாக இல்லை என்று காது சொல்லிவிடும். "என்னடா சொன்னே, மறுபடி படி" என்றால் போதும், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். படித்து முடித்ததும் "கதையை எனக்குச் சொல்லு" என்று கேட்டால், பொருள் புரிந்ததா என்பதும் வெளிப்பட்டுவிடும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வீட்டுப்பாடம் தேவையில்லை. முப்பது பேர் உட்காரும் வகுப்பில் ஒவ்வொருவரையும் நாளும் தனியாகப் படிக்கவைக்க எங்களால் இயலாது. அந்த வேலைக்கு வீடுதான் ஏற்ற இடம்.

எந்த நேரம் என்பதை வீடே முடிவு செய்யலாம். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு அரை மணி போதும். தொலைக்காட்சியை அணையுங்கள். வானொலியையும் அணைக்கலாம், எங்கள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை!

கணக்குக்குத் தனிப் புத்தகம் தேடவேண்டாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம் கடைச் சீட்டைக் கொடுத்து, ஐம்பது வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். அப்பா அன்று எத்தனை குலை வெட்டினார், ஆறு நாளைக்கு எத்தனை என்று பெருக்கச் சொல்லுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் விழுக்காடு வரும்போது உங்கள் சம்பளச் சீட்டே நல்ல பாடம். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்குப் பதினொன்று. சீட்டில் பிடித்திருப்பது சரியா என்று மகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிள்ளைக்குக் கணக்கும் வரும், உங்களுக்குச் சீட்டைச் சரிபார்க்கவும் ஓர் ஆள் கிடைக்கும்.

தேசிய மொழிதான் தோட்டத்து வீடுகளில் கடினம். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரும்பாலான பாடங்கள் அந்த மொழியில்தான். அதில் தடுமாறும் பிள்ளை அங்கே முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க நேர்கிறது. சிலர் அங்கேயே மனம் சோர்ந்துவிடுகிறார்கள். இதற்கு வீட்டில் அக்கா அண்ணன்மார் உதவவேண்டும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அக்கா நாளுக்குப் பத்து நிமிடம் தம்பியோடு மலாயில் மட்டும் பேசட்டும். முதலில் சிரிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சிரிப்பிலேயே தம்பியின் கூச்சம் போய்விடும்.

கைக்குழந்தைக்கு ஆள் இல்லாத வீட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முன்பு தோட்டந்தோறும் ஆயாக்கொட்டகை இருந்தது; இப்போது பல இடங்களில் இல்லை. பக்கத்து லயத்தில் வேலைக்குப் போகாத ஒருவரிடம் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து குழந்தைகளை விட்டு, செலவைப் பங்கிட்டுக்கொள்வது ஒரு வழி. அதுவும் ஒரு நாள் தவறிப்போய், மூத்த பிள்ளையை நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், எங்களிடம் மறைக்காதீர்கள். "காய்ச்சல்" என்று எழுதி அனுப்பவேண்டாம். நடந்ததைச் சொல்லி அனுப்பினால், அன்று நடத்திய பக்கத்தை நாங்கள் குறித்துக் கொடுப்போம். அந்தப் பக்கத்தை அன்றிரவே பிள்ளை உங்கள் முன்னால் வாய்விட்டுப் படிக்கட்டும். மறுநாள் காலை வகுப்பில் முதலில் அந்தப் பிள்ளையைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வோம்.