இடம் மாறும் வீரர்கள்



நாவலப்பிட்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாலை தோறும் பந்தாடும் சிறுவர் பலர். அவர்களுள் ஒருவனைப் பார்த்து, "இவ்விடம் உனக்கு ஏற்றதன்று, வேறிடத்தில் ஆடு" என்று ஆசிரியர் பணிப்பாராயின், அது அவனுக்கு உயர்வா, இழப்பா? இதுவே இன்று நாம் சிந்திக்கவேண்டிய பொருள்.

உயர்வுக்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற காலத்தில் முதலில் நடுத்தர வேகப் பந்துவீச்சாளராகவே விளங்கினார். சுழற்பந்துக்கு மாறுமாறு அவருடைய பதினான்காம் வயதிற் கூறியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. மணிக்கட்டின் அரிய நெகிழ்வு அப்புதிய பணியிற் பெருவலிமையாயிற்று. 1992இல் டெஸ்ட் அரங்கினுட் புகுந்த அவர், 2010இல் 800 விக்கெட்டுகளுடன் விடைபெற்றார்.

கண்டி திரித்துவக் கல்லூரி தந்த குமார் சங்கக்காரவின் கதையும் இத்தகையதே. விக்கெட் காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட் போட்டிகளில் அவருடைய துடுப்பாட்டச் சராசரி ஏறத்தாழ 40. அச்சுமை நீங்கிய 86 போட்டிகளில் ஏறத்தாழ 67.

ஆயினும், இடமாற்றம் யாவும் நன்மையே என்று முடிவு கட்டுதல் தகாது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அணியை வழிநடத்திப் பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்' எனப்படுவார். கல்லூரியில் அப்பொறுப்பை வகித்த ஜூலியன் எடெல்மன், தொழில்முறை ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவராக மாறி, 2019இல் இறுதிப்போட்டியின் சிறந்த வீரரானார். இது திறமையறிந்து செய்த மாற்றம்.

ஆனால், அந்நாட்டிலே கறுப்பின இளைஞர் பலர், தலைமைக்கு வேண்டிய அறிவு அவர்களுக்கு இல்லையென்ற பொய்யான எண்ணத்தினால் அவ்விடத்தினின்றும் விலக்கப்பட்டனர். மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வர் அணியின் குவார்ட்டர்பேக்காக ஆடித் தம் ஆற்றலைக் காட்டினார். இருந்தும், மறு ஆண்டிலே வேறோர் அணியிற் பந்து பிடிப்பவராகவே அவருக்கு இடம் கிடைத்தது. இடம் மாற மறுத்த வாரன் மூன், 1978இல் கனடாவுக்குச் சென்று, எட்மன்டன் அணியுடன் தொடர்ந்து ஐந்து முறை வாகை சூடினார். பின்னர் தாய்நாடு திரும்பிப் புகழ்பெற்று, 2006இல் அவ்வாட்டத்தின் சிறப்பு மண்டபத்தில் இடம் பெற்றார். அன்று அவர் இணங்கியிருந்தால், உலகம் ஒரு பெருவீரனை அறியாமலே போயிருக்கும்.

வேற்றுமை எங்கே உள்ளது? முரளிதரனின் பயிற்றுநர் நோக்கியது கையின் திறமையை. பிரிஸ்கோவை விலக்கியவர்கள் நோக்கியது தோலின் நிறத்தை.

ஆதலால், விளையாட்டுப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவனை இடம் மாற்றுமுன், அவன் ஆட்டத்தைப் பார்த்துத் தீர்மானித்தோமா, அன்றி அவன் பிறந்த இடத்தையும் உடுத்த உடையையும் பார்த்துத் தீர்மானித்தோமா என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். மாற்றத்தின் காரணத்தை அவனுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். பழைய இடத்திலும் அவனுக்குப் போதிய வாய்ப்பளித்திருத்தல் வேண்டும். தோட்டத்துச் சிறுவன் ஓடுவதற்கு மட்டுமே உரியவன், அணியை நடத்துவதற்கு உரியவனல்லன் என்ற எண்ணம் நம் மைதானங்களில் ஒருபோதும் தலைகாட்டலாகாது.