நீ பார்க்க அல்ல, உன்னைப் பார்க்க!

தலைப்பு: பகலில் வண்டி விளக்கு – பாதுகாப்பா? பகட்டா?
('பாதுகாப்பே' அணியில் மூன்றாவதாகப் பேசியவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லீங்க. 32 வருஷம் பஸ் ஓட்டினவன். பின்னாடி அம்பது பேர் பேசுவாங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். வீட்டிலேயும் அப்படித்தான், ஒரே ஆள் பேசுவாங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். (சிரிப்பு) இன்னிக்குத்தான் மைக் கிடைச்சிருக்கு.

எதிரணித் தம்பி அழகாப் பேசிட்டுப் போனாரு. "பட்டப்பகல்ல விளக்கைப் போட்டுக்கிட்டுப் போறவனைப் பார்த்தா ஊரே சிரிக்குது. எதிர்ல வர்றவன் எல்லாம் கையை விரிச்சு விரிச்சு மூடிக் காட்டுறான்"னு சொன்னாரு. வாஸ்தவம்தான். நம்ம ஊர்ல பசிக்குதுன்னா திரும்பிப் பார்க்க மாட்டான், ஆனா லைட் எரியுதுன்னா ஓடி வந்து சொல்லுவான். (சிரிப்பு, கைதட்டல்) நல்ல மனசுதான், நான் குறை சொல்லலை. ஆனா அந்தக் கைக்குப் பின்னாடி ஒரு தப்பான எண்ணம் இருக்கு. விளக்குன்னா ஓட்டறவன் பார்க்கறதுக்குன்னு மட்டும் நினைச்சிட்டிருக்கோம்.

நடுவர் ஐயா, ரோட்டுல விளக்குக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, நான் ரோட்டைப் பார்க்கறதுக்கு. இன்னொண்ணு, ரோட்டுல இருக்கறவன் என்னைப் பார்க்கறதுக்கு. மாட்டுக்கு மணி கட்டறோமே, மாடு சங்கீதம் கேக்கறதுக்கா? மாடு வருதுன்னு அடுத்தவனுக்குத் தெரியறதுக்கு! பகல்ல எரியற விளக்கு அந்த மணி மாதிரி.

சகோதரி சொன்னாங்க, "இது குளிர் நாட்டு வழக்கம், வெயில் கொளுத்தற நம்ம ஊருக்கு எதுக்கு?" குளிர் நாட்டுலதான் ஆரம்பிச்சது, ஒத்துக்கறேன். பின்லாந்தில் 1972-லேயே குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஸ்வீடனில் 1977 அக்டோபர் முதல் வருஷம் முழுக்கக் கட்டாயம். கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான புது வண்டிகளில், பகல் விளக்கு தானாகவே எரியும்படி வைக்கச் சொன்னார்கள். ஐரோப்பிய யூனியனில் 2011 பிப்ரவரியிலிருந்து புதிதாக வரும் கார் ரகங்களுக்கு அது கட்டாயம்.

அதைக் கேட்டுட்டு எதிரணி ஐயா ஒரு பாயிண்ட் வைச்சாரு: "ஆஸ்திரியா இந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கிடுச்சே!" உண்மை. 2005-ல் கொண்டுவந்து, 2008 ஜனவரியில் எடுத்துட்டாங்க. எல்லா வண்டியும் பளிச்சுன்னு வந்தா, விளக்கே இல்லாம நடந்து போறவனும் சைக்கிள்காரனும் கண்ணுக்குத் தப்பிடுவாங்கன்னு அங்கே வாதம் நடந்துச்சு. நியாயமான கவலை. நானும் மதிக்கிறேன். ஆனா அங்கே எடுத்தது, நல்ல வெளிச்சத்துலயும் போட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்தைத்தான். மழையிலயும் பனிமூட்டத்துலயும் விளக்கு போடணும்ங்கிற கட்டாயத்தை எடுக்கலை. நாம நிக்க வேண்டிய இடமே அதுதான் ஐயா. மழை!

நம்ம ஊருக்கு வர்றேன். 2017 ஏப்ரல் 1-லிருந்து நம்ம நாட்டில் தயாராகிற புது டூவீலருக்கு, இன்ஜின் ஓடினாலே விளக்கு எரியும். அணைக்க ஸ்விட்சே கிடையாது. அப்போ என்ன சத்தம் போட்டோம்! "பேட்டரி போயிடும், பெட்ரோல் தீர்ந்துடும்"னு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறிக்கிட்டேதான் இருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், இல்லேன்னு சொல்லலை. அந்தக் கொஞ்சத்துக்கு என்ன கிடைக்குதுன்னு சொல்றேன், கேளுங்க.

2018, கார்த்திகை மாசம். திண்டிவனத்துலேருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலை போற ரோடு. சாயங்காலம் நாலு மணி, நல்ல மழை. முன்னாடி ஒரு டிப்பர் லாரி, தண்ணியை வாரி என் கண்ணாடியில அடிச்சுக்கிட்டே போகுது. ஓவர்டேக் பண்ண இடம் இருக்கான்னு வலது பக்கமாப் பார்க்கறேன். எல்லாம் ஒரே சாம்பல். வானம் சாம்பல், ரோடு சாம்பல், மழை சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவுல மின்மினி மாதிரி ஒரு புள்ளி வெளிச்சம். ஸ்டியரிங்கை நான் அசைக்கலை. அந்தப் புள்ளி கிட்ட வந்து கடந்து போச்சு. ஒரு டூவீலர். கறுப்பு ரெயின்கோட்ல ஒரு பையன், பின்னாடி அவன் சம்சாரம், நடுவுல பிளாஸ்டிக் கவரைத் தலையில மாட்டிக்கிட்டு ஒரு குழந்தை. வண்டி தெரியலைங்க, ஆள் தெரியலைங்க. விளக்கு மட்டும்தான் தெரிஞ்சது. அந்தப் பையன் நினைச்சுப் போட்டதில்லை அது, சட்டம் போட்டது. அந்தப் பையனுக்கு என்னைத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு இப்போ பள்ளிக்கூடம் போற வயசு இருக்கும். (பலத்த கைதட்டல்)

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். எதிரில் வருபவனும் அதே வேகம் என்றால், இடைவெளி விநாடிக்கு 33 மீட்டர் குறையும். 150 மீட்டர் தள்ளி வரும் வண்டி என் முன்னால் வந்து நிற்க ஐந்து விநாடி கூட ஆகாது. அந்த ஐந்து விநாடியைத்தான் விளக்கு வாங்கிக் கொடுக்குது.

இப்போ கார் வச்சிருக்கறவங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. புதுக் காருக்கு முன்னாடி அழகாப் புருவம் மாதிரி ஒரு எல்.இ.டி. வெளிச்சம் இருக்கு. அதைப் பார்த்துட்டு, "என் வண்டியிலதான் லைட் எரியுதே"ன்னு மழையில நிம்மதியாப் போறாங்க. முன்னாடி எரியுது சாமி, பின்னாடி? பல கார்கள்ல அந்தப் பகல் விளக்கு எரியும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. முன்னாடி கல்யாண வீடு, பின்னாடி கும்மிருட்டு! (சிரிப்பு) பின்னால வர்ற லாரிக்காரனுக்கு உங்க வண்டி இருக்கறதே தெரியாது. 'ஆட்டோ'வில் வைச்சிருக்கேன்னு சொல்வீங்க. பல வண்டிகள்ல அந்தக் கருவி அளக்கறது இருட்டைத்தான், மழையை இல்லை. பகல் மழையில போதுமான வெளிச்சம் இருக்குன்னு அது சும்மா இருந்துடும். அதனால நீங்க கையால ஹெட்லைட்டைப் போட்டாத்தான் பின்விளக்கும் சேர்ந்து எரியும்.

இதனால்தான் அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வைப்பர் ஓடினால் ஹெட்லைட் எரிய வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் அது 2005 ஜூலையில் வந்தது. ஏன் வைப்பரோட முடிச்சுப் போட்டாங்க? மழை பெரிசா சின்னதான்னு ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும். வைப்பர் ஆடுதா இல்லையாங்கிறதுல அபிப்பிராயமே கிடையாது!

நம்ம சட்டம் தூங்குதான்னா, இல்லைங்க. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி இருக்கு. இரவில் மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும், சாலையில் இருக்கும் ஆளும் வண்டியும் 155 மீட்டர் தூரத்துக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. புத்தகத்துல விளக்கு எரியுது, ரோட்டுலதான் எரியலை.

ஒரு விஷயத்துல எதிரணியோட நான் கூட்டணி. பகலோ மழையோ, பிரைட்ல போட்டுக்கிட்டு எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தறது பாவம். டிம்ல போடுங்க. அதே மாதிரி, மழை வந்ததும் நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுக்கிட்டு ஓட்டறாங்க. அப்புறம் நீங்க இடது பக்கம் திரும்பறீங்களா, வலது பக்கமான்னு யார் கண்டது? அது நின்னு போன வண்டிக்கான அடையாளம், ஓடற வண்டிக்கு இல்லை.

தாய்மார்களே, வீட்டுக்காரரோ மகனோ மழையில வண்டியை எடுக்கும்போது "பத்திரமாப் போயிட்டு வா"ன்னு சொல்றோம். அதோட, "வைப்பர் ஆடினா விளக்கைப் போடு"ன்னும் சேர்த்துச் சொல்லுங்க. நாம வீட்டுல விளக்கேத்தறது நம்ம வீட்டுக்கு வெளிச்சம். ரோட்டுல ஏத்தற விளக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை பத்திரமா வீடு போய்ச் சேர. அதைப் பகட்டுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, பகல் விளக்கு பாதுகாப்பே, மழையில் அது கடமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)