காற்று எந்தப் பக்கம்?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. ஒரு குழு நம் சென்னையிலிருந்து போனது, இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து. மொத்தம் 23 உயிர்கள். மலையேற அனுமதி யார் கொடுத்தது என்று ஊரே பேசியது. காற்றைப் பற்றித்தான் பேச்சு குறைவு. இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

நான் ராயபுரத்துக்காரன். மலையேறப் புதிதாக வருகிறவர்களை முதலில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரமாக நடக்கவைப்பேன். "கன்டெய்னர் லாரிப் புகையில் என்ன சார் பயிற்சி?" என்பார்கள். அந்தப் புகைதான் பாடமே! மேற்கிலிருந்து காற்று அடித்தால் திருவொற்றியூரில் மணலி ஆலைகளின் நெடி மூக்கைத் துளைக்கும். காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை. திருவொற்றியூர் நேயர்களே, நான் சொல்வது சரிதானே?

ஒருநாள் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இன்னிக்குக் கச்சான் சார். கொண்டல் சீக்கிரம் ஏறாது. வெயில் வாட்டிடும், தண்ணி நிறைய எடுத்துக்கோங்க." கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கினால் கொண்டல் என்கிற கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அப்படியே நடந்தது. மதியம் எண்ணூர் போய்ச் சேருவதற்குள் எங்களுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

மலையிலும் காற்றுக்கு நேரம் காலம் உண்டு. பகலில் சரிவு சூடேறி, காற்று மேல்நோக்கி ஏறும். பொழுது சாய்ந்தால் கீழிறங்கும். அதனால் பகல் தீ மேலே ஓடும். மேலே உள்ள காய்ந்த புல்லைத் தன் வெப்பத்தாலேயே வறுத்துக்கொண்டு ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. ஓடைப் பள்ளத்தில் இறங்கினாலோ அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போய்விட வேண்டும்.

இடிமேகம் வந்தால் மழை தீயை அணைத்துவிடும் என்று நினைப்போம். மழைக்கு முன்னால் அந்த மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று இறங்கி வீசுமே, அது தீயை வேறு பக்கம் திருப்பிவிடலாம். துறைமுகத்தில் எச்சரிக்க 1 முதல் 11 வரை புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். மலையுச்சியில் அதெல்லாம் கிடையாது. நீங்கள்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். இடி கேட்டால் முகட்டைவிட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

உடை, உணவு, முதலுதவி பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன். நேரமாகிவிட்டதென்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைலான் சட்டை வேண்டாம், தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி போதும். 2024இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது. வனத்துறை வழிகாட்டியோடு போங்கள். தீக்காலத்தில் பாதையை மூடினால் வம்பு பண்ணாமல் வீட்டில் இருங்கள்.