கட்டட அனுமதியில் குத்தகையாளர் விவரம்: நாம் அறிய வேண்டியவை

(பொதுமக்களுக்கான விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு, கேட்பதற்குச் சற்று வறட்சியானதுதான். கட்டட அனுமதிக்கு இணையவழி விண்ணப்பிக்கும்போது, குத்தகையாளரின் விவரங்களை எவ்வாறு பதிவு செய்வது, எவ்வாறு பேணுவது என்பதே தலைப்பு. "இதை எல்லாம் குத்தகையாளரே பார்த்துக்கொள்வாரே, நமக்கு என்ன வேலை?" என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை மாற்றுவதே இந்த உரையின் நோக்கம். விண்ணப்பத்தில் எழுதப்படும் குத்தகையாளர் பெயர் வெறும் சடங்கு அன்று. நாளை ஒரு தவறு நேர்ந்தால் "யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு இன்றே எழுதி வைக்கும் விடை அது.

பெயர் ஏன் கேட்கப்படுகிறது?

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்ற ஆறு மாடிக் கட்டடமான ஹோட்டல் நியூ வோர்ல்டு ஒரு நிமிடத்திற்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். நாம் நாள்தோறும் நடமாடும் வட்டாரத்திலேயே நடந்த பெருந்துயரம் அது. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் அதன் தூண்கள் வடிவமைக்கப்பட்டிருந்தன என்பது விசாரணையில் தெரிய வந்தது. அந்த வடிவமைப்பைச் செய்தவர் தகுதி பெற்ற பொறியாளரும் அல்லர்.

அதன் பின்னர் 1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளரின் கணக்கை, அந்த வேலையில் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு நடப்புக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பெருவிரைவு ரயிலின் வட்டப் பாதைக்காகத் தோண்டப்பட்ட பள்ளம் நிக்கல் நெடுஞ்சாலைப் பகுதியில் சரிந்து நால்வர் உயிரிழந்தனர். பின்னர் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. கட்டுமான நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் திட்டம் 2008ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கியது.

ஆக, இன்றைய விண்ணப்பப் படிவத்தில் "கட்டுநர் யார்? அவருடைய உரிம எண் என்ன?" என்று கேட்கும் இரண்டு சிறு கட்டங்களுக்குப் பின்னால் மனித உயிர்கள் நிற்கின்றன. அவற்றை நிரப்பும்போது இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தாளிலிருந்து கணினிக்கு

முன்பெல்லாம் வரைபடச் சுருள்களைச் சுமந்துகொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். 1995ஆம் ஆண்டு "கோர்நெட்" என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் வரைபடங்களை மின்னியல் முறையில் அனுப்பும் வசதி வந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் "கோர்நெட் எக்ஸ்" அறிமுகமானது. கட்டடம், நகரத் திட்டம், தீப் பாதுகாப்பு, தண்ணீர், போக்குவரத்து, பூங்கா, சுற்றுப்புறம் ஆகிய துறைகளைக் கவனிக்கும் அமைப்புகள் ஒரே மாதிரிப் படிவத்தை ஒன்றாகப் பார்த்து முடிவு சொல்லும் முறை இது.

இதனால் அலைச்சல் குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிவத்தில் எழுதிய எண் முறையான எண்ணா என்பதைக் கணினி பார்க்கும். அந்த எண்ணுக்குரியவர்தான் உங்கள் இடத்தில் வந்து சுவரை உடைக்கிறாரா என்பதைக் கணினி பாராது. அதைப் பார்க்க வேண்டியவர் உரிமையாளர். அவர் தம் வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, சங்கத்தின் செயலாளராக இருந்தாலும் சரி, இது பொருந்தும்.

நான்கு பட்டியல்கள்

"எங்கள் நிறுவனம் அரசாங்கத்தில் பதிவு பெற்றது" என்று குத்தகையாளர் சொன்னவுடன் நாம் மனநிறைவு அடைந்துவிடுகிறோம். எந்தப் பதிவு என்று கேட்பதில்லை. நான்கு வெவ்வேறு பட்டியல்கள் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

முதலாவது, நிறுவனப் பதிவு. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிந்தவுடன் ஒரு தனி அடையாள எண் கிடைக்கும். அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. சுவர் எழுப்பத் தெரியும் என்பதற்குச் சான்று அன்று.

இரண்டாவது, கட்டுநர் உரிமம். கட்டட, கட்டுமான ஆணையம் இதை வழங்குகிறது. வரைபட ஒப்புதல் தேவைப்படும் கட்டட வேலைகளைச் செய்ய இது வேண்டும். பொதுக் கட்டுநர்களில் இரண்டு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பினர் எந்தத் தொகைக்கும் வேலை எடுக்கலாம். இரண்டாம் வகுப்பினர் 6 மில்லியன் வெள்ளி வரையிலான வேலைகளையே எடுக்கலாம். அடித்தூண் இறக்குதல், எஃகுக் கட்டமைப்பு போன்ற ஆறு வகைப் பணிகளுக்குச் சிறப்புக் கட்டுநர் உரிமம் தனியாக உண்டு. நிர்வாகத்திற்குப் பொறுப்பான ஒருவரும் தொழில்நுட்பத்திற்குப் பொறுப்பான ஒருவரும் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் ஒரு நிறுவனம் இந்த உரிமத்தைப் பெற முடியும்.

மூன்றாவது, குத்தகையாளர் பதிவு முறை. அரசாங்கக் கட்டுமானக் குத்தகைகளுக்குப் போட்டியிட விரும்பும் நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் பட்டியல் இது. உயர்ந்த தரம் பெற்றிருப்பது நல்லதே. ஆயினும் அது கட்டுநர் உரிமம் அன்று. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

நான்காவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியல். கழக வீடுகளில் புதுப்பிப்பு வேலை செய்பவர் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பதாலேயே அவருடைய வேலைத் தரத்திற்குக் கழகம் உத்தரவாதம் தருவதாகக் கொள்ளக் கூடாது.

இந்தப் பட்டியல்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். குத்தகையாளரின் பெயரட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், நாமே எண்ணைத் தட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். உரிமம் காலவரையறை உடையது. ஆகவே பெயர் இருக்கிறதா என்பதோடு, வேலை முடியும் நாள் வரை அது செல்லுமா என்பதையும் பாருங்கள்.

வீட்டில் நடப்பது

நம்மில் பெரும்பாலோர் கழக வீடுகளில் வசிப்பவர்கள். அங்கே புதுப்பிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் குத்தகையாளர். வீட்டு உரிமையாளர் ஒப்புதல் தருகிறார். இங்கேதான் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஓர் உள்அலங்கார நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்கிறார்கள். முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். அந்த நிறுவனம் வேலையை மற்றொருவரிடம் கொடுக்கிறது. அனுமதி அந்த இரண்டாமவர் பெயரில் வாங்கப்படுகிறது. வீட்டில் வந்து வேலை செய்பவர்களோ மூன்றாமவர் அனுப்பிய ஆட்கள். ஆறு மாதம் கழித்துக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிகிறது. முதலாமவர், "அனுமதி என் பெயரில் இல்லை" என்கிறார். இரண்டாமவர், "பணம் என்னிடம் வரவில்லை" என்கிறார். மூன்றாமவரின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

வேலையைத் துணைக் குத்தகைக்கு விடுவது குற்றமன்று. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் அனுமதியில் உள்ள பெயரும் வேறுபட்டால், அவர்கள் இருவருக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, "அனுமதி யார் பெயரில் எடுக்கப்படும்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணத்திற்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், பயனீட்டாளர் சங்கத்தின் "கேஸ்டிரஸ்ட்" அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் விசாரிக்கலாம்.

ஒரே வீட்டு வேலைக்குப் பல பெயர்கள் தேவைப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. சன்னல் மாற்றுபவர் அதற்கென அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். சன்னல்கள் கழன்று விழுந்த சம்பவங்களுக்குப் பிறகே இதில் கண்டிப்பு கூடியது. அலுமினிய ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்ற வேண்டும் என்ற ஆணை 2004இல் வந்தது. மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். குழாய் வேலைக்கும் அவ்வாறே உரிமம் பெற்றவர் வேண்டும். "எல்லாவற்றையும் எங்கள் ஆளே செய்வார்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஆளிடம் எத்தனை உரிமங்கள் இருக்கின்றன என்று கேட்பது தவறாகாது. வீட்டுப் பாதுகாப்பு அறையின் சுவரைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. எந்தச் சுவரை உடைப்பதானாலும் அனுமதியில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சங்கங்களும் ஆலயங்களும்

பொது அமைப்புகளுக்கு வந்தால் பொறுப்பு இன்னும் கனமானது. சட்டத்தின் பார்வையில், கட்டடப் பணியை மேற்கொள்ளச் செய்பவரே மேம்பாட்டாளர். அது பெரிய வீட்டு நிறுவனமாகவும் இருக்கலாம், தொண்டர்கள் நடத்தும் சங்கமாகவும் இருக்கலாம். கட்டமைப்பு வேலைகளுக்கான அனுமதி விண்ணப்பத்தில் மேம்பாட்டாளர், கட்டுநர், தகுதி பெற்ற நிபுணர் ஆகியோர் சேர்ந்தே கையெழுத்திடுகின்றனர். ஆகவே செயலாளர் இடும் கையெழுத்து வெறும் சாட்சிக் கையெழுத்து அன்று.

நம் ஆலயங்களில் குடமுழுக்கை முன்னிட்டுத் திருப்பணி நடைபெறும்போது, தமிழகத்திலிருந்து சிற்பிகள் வருகின்றனர். சுதை வேலையிலும் வண்ண வேலையிலும் அவர்களுக்கு நிகர் அவர்களே. ஆனால் சிற்பியின் கைத்திறன் வேறு, கட்டுநரின் உரிமம் வேறு. சிலை செய்பவர் பெயரையும், தளம் பெயர்த்துத் தூண் பலப்படுத்துபவர் பெயரையும், சாரம் கட்டுபவர் பெயரையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொருவருக்கும் எந்த வேலை என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் போன்ற இடங்களில், மரபுடைமை சார்ந்த ஒப்புதலும் உடன் தேவைப்படும். இன்ன வேலைக்கு இன்னாரே தக்கவர் என ஆராய்ந்து ஒப்படைப்பதற்கென்றே வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று.

பாதியில் குத்தகையாளர் மாறினால்

இதுவே பலர் தடுமாறும் இடம். குத்தகையாளர் பணமுடை காரணமாக விலகுகிறார். அல்லது கருத்து வேறுபாட்டால் நாமே விலக்குகிறோம். அடுத்த வாரமே புதியவர் வந்து வேலையைத் தொடர்கிறார். இணையப் பதிவில் மட்டும் பழைய பெயரே இருக்கிறது. "முடியும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படிச் செய்யக் கூடாது. கட்டுநர் விலகினால், மேம்பாட்டாளர் காலம் தாழ்த்தாமல் தகுதியுள்ள மற்றொருவரை நியமித்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பொறுப்பேற்கும் கட்டுநர் இல்லாத இடைவெளியில் வேலை நடக்கலாகாது. பழையவர் விட்டுச் சென்ற நிலையை நிழற்படங்களோடு பதிவு செய்து, நிபுணரையும் உடன் வைத்துக்கொண்டு புதியவரிடம் ஒப்படையுங்கள். இல்லையேல் விரிசல் ஒன்று தெரியும்போது, அது யார் காலத்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்

இறுதியாக ஒன்று. வயது முதிர்ந்த பெற்றோர், "எனக்குக் கணினி தெரியாது, நீயே பார்த்துக்கொள் தம்பி" என்று சிங்பாஸ் கடவுச்சொல்லைக் குத்தகையாளரிடம் கொடுத்துவிடுகின்றனர். அனுமதிக்கு ஒப்புதல் தரும் அதே சிங்பாஸ்தான் மத்திய சேம நிதிக் கணக்கிற்கும் வாயில். பிள்ளைகளோ நம்பிக்கையான உறவினரோ அருகில் அமர்ந்து உதவட்டும். ஆனால் விரலை வைப்பவர் உரிமையாளராகவே இருக்கட்டும். சங்கங்களில் "கார்ப்பாஸ்" வழி யார் யாருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்று ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தவுடன் பாருங்கள். பொறுப்பிலிருந்து விலகியவர் பெயர் இன்னும் அதில் இருந்தால், அதை அன்றே நீக்குங்கள்.

பெரியோர்களே, நான் சொன்னவற்றை ஒரு கோப்புறைக்குள் அடக்கிவிடலாம். ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், குத்தகையாளரின் நிறுவன எண், உரிம எண், அது முடியும் நாள், துணைக் குத்தகையாளர்களின் பெயர்கள், பணம் கட்டிய ரசீதுகள், மாற்றம் நேர்ந்த நாள்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். வேலை முடிந்த பின்னரும் அதைப் பத்திரப்படுத்துங்கள். பொது அமைப்பாக இருந்தால், அடுத்து வரும் நிர்வாகக் குழுவிடம் சாவிக் கொத்தோடு அந்தக் கோப்புறையையும் ஒப்படையுங்கள்.

வீட்டையோ மண்டபத்தையோ நாம் கட்டுவது பிள்ளைகளுக்காக, அடுத்த தலைமுறைக்காக. அதைக் கட்டியவர் யார், பொறுப்பேற்றவர் யார் என்ற விவரமும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.