மாரிக்குப் பின் ஓடும் கால்கள்



மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலைகள் பலவற்றில் மாரிகாலத்திலே விளையாட்டுத் திடல் திடலாக இராது, குளமாகத்தான் இருக்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து நீர் வடிந்ததும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நாள் குறித்துவிடுவோம். இரண்டு மாதம் ஓடாத பிள்ளை மூன்றாம் நாளே நூறு மீற்றர் தெரிவோட்டத்தில் முழு வேகத்தையும் காட்டுவான். பாதி வழியிலே தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நொண்டுவான். "நரம்பு பிடித்துவிட்டது, சேர்" என்பான். நானும் எண்ணெய் பூசச் சொல்லி, மறுகிழமையே அவனை அஞ்சலோட்டத்துக்கு அனுப்பியவன்தான். அவ்வாறு நான் அனுப்பிய ஒருவன் அவ்வாண்டு முழுவதும் ஓடவில்லை. கலைப் பட்டதாரியாகிய நான் உடற்றொழிலியல் நூல்களைப் புரட்டத் தொடங்கியது அதன் பின்னரே.

பிடித்தது நரம்பன்று, தசை. இடுப்பின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை பின்தொடைத் தசைகள் செல்கின்றன. விரைந்தோடுகையில் முன்னே வீசப்படும் கீழ்க்காலை, பாதம் நிலத்தைத் தொடுமுன் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. அப்போது அவை நீண்டுகொண்டே இழுக்கின்றன. நெல்மூட்டையைத் தாங்கியபடி மெல்ல இறக்குபவனின் கைகள் செய்வதும் இதுவே. அந்தக் கணத்திலேதான் பெரும்பாலும் தசைநார் கிழிகிறது. 2017இல் இலண்டன் உலகப் போட்டியின் அஞ்சலோட்டத்திலே உசெயின் போல்ற் ஓட்டத்தை முடிக்காமல் தரையில் வீழ்ந்ததும் இத்தசையினாலேயே.

ஆகவே, நீண்டுகொண்டே தாங்கும் வேலைக்குத் தசையைப் பழக்க வேண்டும். முழந்தாளிட்டு நில்லுங்கள். தோழன் ஒருவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலைவரை உடலை நேராக வைத்து, இயன்றவரை மெதுவாக முன்னே சாய்ந்து, தாங்க முடியாதபோது கைகளை ஊன்றுங்கள். இதனை நோர்டிக் பயிற்சி என்பர். தொடர்ந்து செய்தால் தசை வலுப்பெறுவதோடு அதன் நார்க்கற்றைகளும் நீளுகின்றன. குறுகிய கற்றைகள் உடையோருக்கே காயம் மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் 942 உதைபந்தாட்ட வீரர் பங்குபற்றினர். பயிற்சி செய்த பாதியினரிடையே 15 காயங்கள், செய்யாதோரிடையே 52. முன்னர் காயம் பட்டவர்களுக்கோ பயன் இன்னும் கூடுதலாக இருந்தது.

நம்மவர்க்கு முக்கியமான செய்தி வேறொன்று. பயிற்சியை நிறுத்தினால், வலிமை சிறிது காலம் நின்றாலும், நீண்ட கற்றைகள் இரண்டு கிழமைக்குள்ளேயே குறுகத் தொடங்குகின்றன. நமது மாரியோ இரண்டு மாதம்! ஆயினும் இதற்குத் திடல் வேண்டியதில்லை. வகுப்பறையில் ஒரு பாய் போதும். முதற் கிழமை ஒரே நாள், ஐந்தைந்தாக இரண்டு தடவை. அடுத்த நாள் தொடை நோகும், அஞ்ச வேண்டாம். மெல்லக் கூட்டிப் பழகியபின், கிழமைக்கு எட்டு முறை செய்தாலும் கற்றை நீளுவதாக ஓர் ஆய்வு கூறுகிறது. இப்போது எங்கள் பாடசாலையில் கார்த்திகை முதலே மழைநாட்களில் மேசைகளை ஒதுக்கிவிட்டு இதனைச் செய்விக்கிறோம்.

தசை கிழிந்து வலியோடிருப்பவர் மருத்துவரைக் காணாமல் இதில் இறங்கலாகாது. கணுக்காலைப் பிடிக்கும் தோழனையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். சிரிப்பு வந்ததும் கையை விட்டுவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.