மாரிகாலத்துச் சைக்கிளோட்டம்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் வந்தாறுமூலையில் வயலுக்கு மகிழ்ச்சி, சைக்கிளுக்குச் சோதனை. மட்டக்களப்பில் ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையிலேயே பெய்துவிடுகிறது. திருவெம்பாவைப் பூசையும் அந்த மாரியிலேதான் வருகிறது. விடியுமுன், ஈரவீதியில், தம்பியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு விரைவோர் நம்மிற் பலர். ஆகவே இப்பொருள் சிறிதெனினும் பேசத் தகாததன்று.

சைக்கிள் விழாமல் ஓடுவது எவ்வாறு? வண்டி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் முன்சில்லை நாம் அறியாமலே சிறிது திருப்புகிறோம். சில்லு மீண்டும் நமது பாரத்தின்கீழ் வந்துவிடுகிறது. இதற்கு ரயர் நிலத்தைப் பற்றியிருத்தல் வேண்டும். நீரும் சேறும் இடையே புகுந்தால் அப்பிடி தளர்கிறது. பின்சில்லு வழுக்கினால் ஒருவேளை தப்பலாம். முன்சில்லு வழுக்கினால் நினைப்பதற்கும் நேரமிராது.

முதலாவது, பிறேக். இரும்பு றிம் நனைந்தால் இறப்பர்க் கட்டை பிடிக்காது. ஆதலால் நிறுத்தவேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே மெல்லப் பிடித்து, றிம்மிலுள்ள நீரை வழித்துவிட வேண்டும், பின்னரே அழுத்தவேண்டும். முன்பிறேக்கைத் திடீரென இறுக்குதல் ஆகாது. வேகத்தைப் பாதியாக்கினால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் காற்பங்காகும் என்பது பௌதிகக் கணக்கு.

இரண்டாவது, திருப்பம். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வண்டியை அதிகம் சாய்க்காது, அகலமாக வளைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, நிலமறிதல். நெடுநாள் காய்ந்த தார்வீதியில் முதல்மழை விழும்போது எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, ஈரச்சருகு, உழவு இயந்திரம் வயலிலிருந்து கொண்டுவந்த களி ஆகியனவும் அப்படியே. 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதை நம்மூர் வழியே செல்கிறது. அதன் தண்டவாளத்தை நேர்குறுக்காகவே கடக்கவேண்டும். சரிவாகக் கடந்தால் சில்லு வழுக்கும், அல்லது இடுக்கிற் சிக்கும். வீதியை மேவி வெள்ளம் பாய்ந்தால் அதனுள் இறங்காதீர்கள். 2011 தைமாத வெள்ளம் நமக்குப் போதிய பாடம். ஐயமுள்ள இடத்தில் இறங்கி உருட்டிச் செல்வதில் வெட்கமில்லை.

நான்காவது, குடை. ஒரு கையிற் குடை, மறுகையில் ஹான்டில் என்பது நம் ஊர் வழக்கம். காற்று குடையை இழுக்கும்போது வண்டியையும் இழுக்கிறது. கைக்கு எட்டுவதோ ஒரு பிறேக்தான். மழையங்கி அணியுங்கள், இல்லையேல் நனையுங்கள். நனைந்த சட்டை காய்ந்துவிடும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாரிக்கு முன் பிள்ளைக்குக் குடை வாங்கும் நாம், தேய்ந்த பிறேக் கட்டையை மாற்றிக் கொடுக்கிறோமா? பூசைக்குப் பிந்தி வந்தவனைக் கடிந்தால், மறுநாள் அவன் ஈரவீதியில் பறந்து வருவான். பிந்தியவன் ஒரு தீபாராதனையைத் தவறவிடலாம், நாளையும் வருவான். விழுந்தவன் வருவானா?

சகோதரர்களே! ஒருவன் விழுந்தால் "எல்லாம் விதி" என்கிறோம். தலைவிதியைப் பேசுமுன் வீதியின் விதியைப் பேணினோமா என்று கேட்போம். இறைவன் தந்த உடலைக் காத்தலும் வழிபாடே. கரியரில் இருக்கும் தம்பியின் உயிரும் நம் கையிலேயே இருக்கிறது.