தங்கம் என்றொரு பறவை



"இயற்கையைக் காப்பது சட்டம்தான், மக்கள் மனசு இல்லை" என்று எதிரணி அக்கா அடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அக்கா, நான் ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

ஜப்பானிலே சாதோ என்று ஒரு தீவு. நீகாட்டா துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்தில் நாடு கடத்துகிற இடம். சக்கரவர்த்தியாக இருந்த ஜுண்டோகுவையே 1221-இல் அங்கேதான் அனுப்பினார்கள். 1601-இல் தங்கச் சுரங்கம் வந்தது. அப்புறம் விடுவார்களா? மலையையே உச்சியிலிருந்து இரண்டாகப் பிளந்துவிட்டார்கள்! அந்தப் பிளவின் முன்னால் நின்று பார்த்தேன். ராட்சசன் கோடாலி போட்ட மாதிரி இருக்கிறது. 1989-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

அங்கே தோக்கி என்று ஒரு பறவை. நம்ம அரிவாள் மூக்கன் இனம். இறக்கையை விரித்தால் இளஞ்சிவப்பு. 1952-இல் அதைத் தேசத்தின் சிறப்பு இயற்கைச் சின்னம் என்று அறிவித்தார்கள். சட்டம் இருந்தது அக்கா, பறவைதான் இல்லாமல் போச்சு! (கைதட்டல்) பூச்சிமருந்து விழுந்த வயலில் அயிரை ஏது, தவளை ஏது? 1981-இல் வெளியில் மிஞ்சியவை ஐந்தே ஐந்து. அவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள்.

ஜப்பானின் பூர்வீக வம்சத்துக் கடைசித் தோக்கியின் பெயர் கின். கின் என்றால் தங்கம். தினமும் இரை போட்டுப் பழகிய ஓர் ஊர்க்காரர்தான் 1968-இல் அதைப் பிடித்துக் கொடுத்தார், காப்பாற்றத்தான். முப்பத்தைந்து வருஷம் கூண்டிலேயே இருந்து, வாரிசு இல்லாமல் 2003-இல் செத்துப்போச்சு.

1999-இல் சீனா ஒரு ஜோடி கொடுத்தது. அந்த வம்சம் பெருகி, 2008-இல் பத்துப் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். "திறந்தது அரசாங்கம்தானே?" என்பீர்கள். சரி, வெளியே வந்த பறவை எதைத் தின்னும்? அங்கேதான் விவசாயி வருகிறார். மருந்தைக் குறைத்தார். குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் கட்டினார். வயல் காயும்போது மீனும் பூச்சியும் பிழைக்க ஓரமாக வாய்க்கால் வெட்டினார். இன்று நூற்றுக்கணக்கான தோக்கிகள் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன.

ஒரு காலையில் காரைவிட்டு இறங்காமல் நானும் பார்த்தேன். வயலில் ஒரு பாட்டி குனிந்து களை பறிக்கிறார். கொஞ்சம் தள்ளி நாலு தோக்கி மேய்கின்றன. பாட்டி விரட்டவில்லை, பறவை பறக்கவில்லை.

மலையைப் பிளந்ததும் மனுஷன் கை. களை பறித்ததும் மனுஷன் கை. நடுவர் அவர்களே, சட்டம் கூண்டு கட்டும். கூண்டுக்கு வெளியே வாழவைப்பது மக்கள் மனம்தான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (கைதட்டல்)